ஹாக்கி கேலரியில் பழைய ரசிகர்களும் புதிய ரசிகர்களும்

சேலத்தில் ஒருவர் தன்னை ஹாக்கி ரசிகர் என்று சொல்லிக்கொண்டால், எதிரில் இருப்பவர் சற்று வியந்துவிட்டு, ‘பள்ளியில் ஆடியவரா?’ என்றுதான் கேட்பார். ஆடியவர்களைத் தவிர வேறு யாரும் அந்த ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது இங்கே பொதுவான எண்ணம். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆடத் தொடங்கியதும், வாழப்பாடிக்கு அருகில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் வந்ததும், ஏற்கெனவே கிரிக்கெட் ஊராக இருந்த இந்த ஊரை மேலும் கிரிக்கெட் ஊராக்கின. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் நான், பள்ளி நாட்களில் செம்மண் திடலில் ஹாக்கி ஆடியவன். அந்தப் பழக்கத்தால், சென்னையில் பெரிய போட்டி நடக்கும்போதெல்லாம் சிறு குழுவாக இரவு ரயிலேறிப் போய்ப் பார்த்து வருபவன். அந்தக் குழு கடந்த சில ஆண்டுகளில் பெரிதானபோது எழுந்த பிணக்குகளையும், கேலரியில் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றி அவற்றின் வழியாக எங்களுக்குப் புரிந்ததையும் எழுதலாம் என்று தோன்றியது.

முன்பெல்லாம் எங்கள் குழுவில் இருந்தவர்கள் அனைவருமே மட்டை பிடித்தவர்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தார், இன்றும் இருக்கிறார். ஊரே அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் அழைக்கும். ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஹாக்கி கற்றுக்கொண்ட நண்பர் ஒருவர் இருந்தார். எங்களை ஒன்றாகக் கட்டி வைத்தது வெற்றிகளைவிடத் தோல்விகள்தாம் என்று சொல்ல வேண்டும். 2007 செப்டம்பரில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 7-2 என்று வென்றது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள், 2008 மார்ச்சில் சிலியின் சான்டியாகோ நகரில் பிரிட்டனிடம் தோற்று, ஒலிம்பிக் ஹாக்கிக்கு இந்தியா தகுதி பெறாமல் போவது அதுவே முதல்முறை என்ற நிலையும் வந்தது. 2012இல் லண்டனுக்குப் போன அணி ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் தோற்று 12ஆம் இடத்தில், அதாவது கடைசி இடத்தில் முடித்தது. அந்த ஆட்டங்களையும் விடாமல் பார்த்தோம் என்பதை மாஸ்டர் ஒரு தகுதிச் சான்றிதழாகவே வைத்திருந்தார்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நிலைமை மாறியது. டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற அந்தக் காலையில், பட்டறையில் வேலை தொடங்கவேயில்லை. கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை, அதாவது தடுக்கும் அணியின் தவறுக்காகக் கோல் அருகே தரப்படும் வாய்ப்பை, நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தபோது, அதுவரை ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாத என் பட்டறைப் பையன்கள் நாற்காலிகளின் மேல் ஏறி நின்றார்கள். அடுத்து எங்கே ஆட்டம் நடந்தாலும் தங்களையும் அழைத்துப் போக வேண்டும் என்று அன்றே கேட்டுக்கொண்டார்கள். இவர்களைத்தான் மாஸ்டர் ‘சீசன் ரசிகர்கள்’ என்று பெயரிட்டு, இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளாமல் இருக்கிறார்.

அவருடைய மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்றுக்கொண்டிருந்த அணியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவருக்கு, ஜெயித்த மறுநாள் நீல நிறச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வருபவரைக் கண்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ‘2012இல் நீங்களெல்லாம் எங்கே இருந்தீர்கள்?’ என்று அவர் கேட்டபோது, பையன்களில் ஒருவன், ‘மூன்றாம் வகுப்பில் இருந்தேன் மாஸ்டர்’ என்று பதில் சொன்னான். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னான். எப்போது வந்தாய் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் எப்போது பிறந்தாய் என்பதற்கு மேல் பொருளில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. மாஸ்டரேகூட 1980இல் மாஸ்கோவில் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்ற செய்தியைக் கேட்டுத்தான் மட்டையைக் கையில் எடுத்தாராம். வெற்றியைப் பார்த்து வந்தவர்தான் அவரும்.

இருந்தாலும், புதியவர்களிடம் சிக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் எல்லோரும் கிரிக்கெட் கேலரியில் பழகியவர்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே எழுந்து நிற்கலாம், திரும்பிப் பேசலாம், தின்பண்டம் வாங்கி வரலாம். ஏதேனும் தவறிப்போனால் பெரிய திரையில் மறுபடி காட்டுவார்கள். ஹாக்கியில் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளில், பந்து ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் எழுந்து நிற்பவர் தன் பின்னால் இருப்பவரிடமிருந்து ஒரு கோலையே பறித்துவிடக்கூடும். இதைச் சொன்னால் அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். எழுந்து போக வேண்டியவர்கள் பகுதிகளுக்கு இடையிலான இரண்டு நிமிட இடைவேளைக்காகவோ, பாதி ஆட்ட இடைவேளைக்காகவோ காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு யாருக்கும் கடினமாக இருக்கவில்லை.

கடினமாக இருந்தது விசில்தான். தமிழ்நாட்டு ரசிகரிடம் விசில் அடிக்காதே என்று சொல்வது அவரைப் பேசாதே என்று சொல்வதற்குச் சமம். அதுவும் சென்னை கிரிக்கெட் அணியின் ஆதரவு முழக்கமே விசிலாக இருக்கும் மாநிலத்தில், விரலை வாயில் வைப்பது ஆதரவின் முதல் அடையாளமாகிவிட்டது. கிரிக்கெட்டில் அதனால் ஆட்டத்துக்கு எந்த இடையூறும் இல்லை, ஏனெனில் அங்கே நடுவர் கையால் சைகை காட்டுவாரே தவிர ஊதுவதில்லை. ஹாக்கியில் இரண்டு நடுவர்களும் விசிலால்தான் ஆட்டத்தை நடத்துகிறார்கள். விசில் கேட்டால் நிற்க வேண்டும், கேட்காதவரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் திடலில் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். கேலரியிலிருந்து ஒருவர் நல்லெண்ணத்தோடு விசில் அடிக்க, தடுப்பாட்டக்காரர் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டால், அந்த ஒரு கணம் எதிரணி முன்வரிசை வீரருக்குப் போதும்.

பெரிய மைதானங்களில் இது அவ்வளவு பாதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நடுவர்களின் விசில் ஓசை வேறு, விரல் விசில் ஓசை வேறு; சர்வதேச வீரர்கள் இரைச்சலுக்குப் பழகியவர்கள். ஆனால் எங்கள் ஊரில் பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஆட்டங்களில், பக்கக் கோட்டிலிருந்து சில அடி தூரத்தில்தான் பார்வையாளர்கள் நிற்கிறார்கள். அங்கே ஒரு விசிலைக் கேட்டு இரு அணியும் நின்றுவிட, பந்தோடு இருந்த பையன் மட்டும் நிற்காமல் போய்க் கோல் போட்டதையும், அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று கால் மணி நேரம் சண்டை நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் குழுவுக்கு விசில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பெரிய மைதானத்தில் பழகினால்தான் சிறிய திடலிலும் கை வாய்க்குப் போகாது. சமனில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியாளரைத் தீர்மானிக்க, வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டில் இது மேலும் முக்கியம். நடுவரின் விசிலோடுதான் வீரருக்குரிய 8 நொடிகள் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் கேலரி அமைதியாக இருப்பதே இரு அணிக்கும் செய்யும் உதவி. விசிலுக்குப் பதிலாக என்ன செய்வது என்று பையன்கள் கேட்டபோது, கைத்தட்டலையும் வீரர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் பரிந்துரைத்தேன். 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின்போது அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் இந்திய அணியில் இருந்ததால், பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு அவர்களுக்குத் தனி உற்சாகமே வந்துவிட்டது. மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் அவர்தான் முதல் கோலை அடித்தார்.

அந்தப் போட்டியை வைத்துத்தான் ரசிகர்களின் இயல்பை நான் அதிகம் கவனித்தேன். எழும்பூரில் இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, ஜப்பான், தென்கொரியா, சீனா என ஆறு அணிகள் ஆடின. ஆகஸ்ட் 9ஆம் தேதி பாகிஸ்தானுடன் நடந்த ஆட்டத்துக்குக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். அதே நாளில் அதற்கு முன் நடந்த ஆட்டங்களுக்கு வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்தால், பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகளும், பழைய ஆட்டக்காரர்களும், எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களும்தான் கண்ணில் பட்டார்கள். ஹாக்கி தெரிந்தவர் யார், இந்தியா ஜெயிப்பதைப் பார்க்க வந்தவர் யார் என்பதை அந்த முன்மாலை ஆட்டங்கள் பிரித்துக் காட்டிவிடும் என்று மாஸ்டர் சொன்னார். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வேலை நாளில் மாலை ஏழு மணிக்குமேல்தான் வர முடிகிறவர் தீவிர ரசிகர் அல்லர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாகிஸ்தான் ஆட்டத்தில் இந்தியா 4-0 என்று வென்றது. வெற்றி உறுதியான பிறகு, எங்களுக்கு இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்தவர்கள் எதிரணி வீரர்களை நோக்கிச் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. அவர்கள் புதியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சைக் கேட்டால் மட்டை பிடித்தவர்கள் என்பது தெரிந்தது, ஆட்ட நுணுக்கங்கள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாக இருந்தன. எங்கள் பையன்களோ, எதிரணி கோல்கீப்பர் ஒரு டிராக் ஃபிளிக்கை, அதாவது மட்டையால் பந்தை இழுத்துச் சுழற்றி எறியும் அடியை, காலால் தட்டிவிட்டபோது தன்னை மறந்து கைத்தட்டினார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி முறைத்தார். எதிரணியின் நல்ல ஆட்டத்துக்குக் கைத்தட்டுவது துரோகம் என்று யாரும் அவர்களுக்கு இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. கற்றுக்கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று நான் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை இரவு இறுதி ஆட்டம். மலேசியாவை லீக்கில் 5-0 என்று வென்றிருந்ததால், எல்லோரும் கோப்பையை ஏற்கெனவே கையில் வாங்கிவிட்ட மனநிலையில் வந்திருந்தார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது மலேசியா 3-1 என்று முன்னணியில் இருந்தது. அப்போது எங்கள் வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனவர் பட்டறைப் பையன் இல்லை. ஏற்காட்டில் படித்த என் நண்பர். ‘இந்த அணியை எனக்குத் தெரியும், இனி இது முடிந்த கதை’ என்று சொல்லிவிட்டு, தட்டுவடை செட் கொண்டுவந்திருந்த பையைக்கூட எடுக்காமல் வாசல் பக்கம் நடந்தார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை இந்தியா கடைசி நேரத்தில் கோட்டை விட்டதைப் பார்த்துப் பார்த்து, ஏமாற்றத்தை முன்கூட்டியே எதிர்பார்க்கப் பழகிவிட்டவர் அவர். பையன்களுக்கு அந்தப் பழைய கதை எதுவும் தெரியாது. இரண்டு கோல்கள்தானே என்று உட்கார்ந்திருந்தார்கள். 45ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங், கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று போட, அதே நிமிடத்துக்குள் குர்ஜந்த் சிங் இன்னொன்று போட்டு 3-3 ஆக்கினார். 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் போட்ட கோலில் இந்தியா 4-3 என்று வென்றது. சத்தத்தைக் கேட்டு ஓடிவந்த நண்பர் படிக்கட்டில் நின்றபடியே மீதியைப் பார்த்தார். நீண்ட நாள் ரசிகராக இருப்பது பொறுமையைத் தானாகவே கொடுத்துவிடும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். அன்றைக்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

பழையவர்களிடம் இருக்கும் உண்மையான சொத்து பொறுமையோ விசுவாசமோ அல்ல, அறிவு. அது அவர்களிடமே தங்கிவிட்டால் கேலரிக்கு எந்தப் பயனும் இல்லை. புதிதாக வருபவர் ஹாக்கியைப் பார்த்துக் குழம்புவதற்குக் காரணம், விசில் ஏன் ஊதப்பட்டது என்பது புரியாததுதான். ஊதப்படும் விசில்களில் பெரும்பகுதியின் காரணம் தெரிந்துவிட்டால் ஆட்டம் திறந்துவிடும். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நான்கே விஷயங்கள்: கோல்கீப்பரைத் தவிர மற்றவர் காலில் பந்து பட்டு எதிரணிக்குப் பாதகமானால் குற்றம், மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தை ஆட வேண்டும், கோல் முன் வரையப்பட்டிருக்கும் ‘டி’ வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பட்டு உள்ளே போனால்தான் கோல், பச்சை அட்டைக்கு 2 நிமிடமும் மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடமும் வெளியே, சிவப்பு என்றால் திரும்பி வர முடியாது. ஆஃப்சைடு உண்டா என்று கால்பந்து பார்ப்பவர்கள் கேட்பார்கள். அது 1990களிலேயே நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும்.

இவற்றை எப்போது சொல்வது என்பதும் முக்கியம். ஆட்டம் ஓடும்போது காதுக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பவர், எழுந்து நின்று மறைப்பவரைவிடப் பெரிய தொல்லை. சர்வதேச ஆட்டங்களில் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்டதும் கடிகாரம் 40 நொடிகள் நிறுத்தப்படும். தடுக்கும் அணியினர் முகமூடியும் கையுறையும் அணிந்துகொள்வது அப்போதுதான். அந்த 40 நொடிகளில், கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம் என்பதையும், முதல் அடி வேகமாக அடிக்கும் அடியாக இருந்தால் கோலின் அடியில் இருக்கும் 460 மில்லிமீட்டர் உயரமுள்ள பலகைக்குமேல் போகக்கூடாது, டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் சொல்லி முடித்துவிடலாம். டிராக் ஃபிளிக்கில் வல்லவரான ஹர்மன்பிரீத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது அந்த இரண்டாவது விவரத்தில் அடங்கியிருக்கிறது. மாஸ்டர் இந்த வேலையைத் தொடக்கத்தில் மறுத்தார். பிறகு பையன்கள் இடைவேளையில் தாமாகவே அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கியதும், அவருடைய ‘சீசன் ரசிகர்கள்’ பேச்சில் காரம் சற்றுக் குறைந்தது.

இருக்கை பற்றி ஒரு குறிப்பு. முதல்முறை வருபவரைக் கோலுக்குப் பின்னால் உட்கார வைக்க வேண்டாம். பாதி ஆட்டம் அவருக்குத் தொலைவில் நடக்கும். பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்தால் வீரர்கள் இடம் மாறுவது தெரியும். உள்ளூர்த் திடல்களில் கோலுக்குப் பின்னால் வலை இல்லாத இடங்கள் உண்டு. பந்தின் எடை சுமார் 160 கிராம், கல்லைப் போலக் கடினம். அங்கே கைக்குழந்தையோடு நிற்பவர்களை நகரச் சொல்வதற்கு யாரும் கூச்சப்படக் கூடாது.

உள்ளூர் ஆட்டங்களில் நான் கண்ட மோசமான நடத்தைகள் எல்லாம், சொல்லப்போனால், அதிகம் தெரிந்தவர்களிடமிருந்தே வந்தன. முன்னாள் ஆட்டக்காரராக இருந்து இப்போது தந்தையாக நிற்பவர், தன் மகனுக்கு எதிராக விசில் ஊதப்பட்டால் நடுவரை நோக்கிக் கத்துகிறார். அந்த நடுவர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த, சொற்பமான படிக்கு வெயிலில் ஓடுகிற இளைஞராக இருப்பார். பெரிய போட்டியில் ஒரு முடிவு தவறு என்று அணி கருதினால், ரெஃபரல் கேட்டு வீடியோவில் பார்க்கலாம். பள்ளித் திடலில் நடுவரின் இரண்டு கண்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒருமுறை அப்படிப்பட்ட தந்தை ஒருவரைத் தனியே அழைத்து, அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே விசில் பிடியுங்கள் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டார். அவர் மறுத்துவிட்டார், ஆனால் அன்று மாலைவரை வாயும் திறக்கவில்லை. இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் 24 அணிகளோடு நடந்த ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை, குழுவுக்கு இன்னொரு சோதனையாக அமைந்தது. மதுரையில் டிசம்பர் 2ஆம் தேதி இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்ற ஆட்டத்துக்குப் போக எத்தனை பேர் வேண்டுமானாலும் தயாராக இருந்தார்கள். நாமக்கல் வழியாகப் பேருந்தில் போய்த் திரும்பிவிடலாம் என்பதும் ஒரு காரணம். ஆனால் அரையிறுதியில் ஜெர்மனியிடம் இந்தியா 1-5 என்று தோற்றதும், வெண்கலத்துக்கான ஆட்டத்துக்கு ரயில் சீட்டு வாங்கியிருந்தவர்களில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். அவர்களில் புதியவர்களும் இருந்தார்கள், பழையவர்களும் இருந்தார்கள். போனவர்கள் பார்த்தது என்னவென்றால், அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியா, கடைசிப் பகுதியில் நான்கு கோல்களைப் போட்டு 4-2 என்று வென்றதை. அதற்குப் பிறகு அதே கேலரியில் உட்கார்ந்து, ஜெர்மனி ஸ்பெயினை ஷூட்அவுட்டில் வென்ற இறுதி ஆட்டத்தையும் முழுவதுமாகப் பார்த்தார்கள்.

இப்போது குழுவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்தியா ஆடும் ஆட்டத்துக்கு வருபவர், அன்று நடக்கும் இன்னோர் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வேலை காரணமாகத் தாமதமாக வருபவருக்கு மட்டும் விலக்கு. ஆட்டம் முடிந்ததும் ஒருவரையொருவர் தேடி அலையாமல், எழும்பூர் நிலைய வாசலில் கூடிவிட வேண்டும். சேலம் ரயில் நள்ளிரவை ஒட்டித்தான் புறப்படும் என்பதால் நடந்தே போவதற்கு நேரம் இருக்கும். மேளம் கொண்டுவரலாமா என்பதில்தான் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆட்டம் நிற்கும் நேரங்களில் மட்டும் அடித்துக்கொள்வதாகப் பையன்கள் சொல்கிறார்கள். கோல் விழுந்தால் எந்தக் கையும் நிற்காது என்று மாஸ்டர் சொல்கிறார். ஏற்காட்டு நண்பர் பையன்களின் பக்கம் பேசுகிறார். அடுத்த போட்டிக்குச் சீட்டு எடுப்பதற்குள் இதை முடிவு செய்ய வேண்டும்.